இருபத்தொன்பது

முதல் பேருந்தை ஓட்டுகிறவள்
எந்தப் பேருந்தில் ஏறி டிப்போவுக்குப் போவாள்?
அதற்காகத்தான் இந்த நூற்றிருபத்தைந்து சிசி.
நாலு மணிக்கு முன்பே
சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கின் கார்நிறுத்தத்தில்
அதை இருமவைத்து எழுப்புவேன்.

இரண்டு வாரமாக முன்சக்கரம்
சொல்லாமல் இளைத்துக்கொண்டிருந்தது.
திங்கள் இருபத்தொன்பது.
வியாழன் இருபத்திரண்டு.
பிஸ்கட் அட்டையின் பின்பக்கம் குறித்துவைத்தேன்,
ரத்தக்கொதிப்புக்காரர்கள் குறிப்பதுபோல்.
இதில் ஒன்று புரியவில்லை:
காய்ச்சலில் நான் படுத்துக்கிடந்த மூன்று நாளும்
ஒரு புள்ளிகூட இறங்கவில்லை அது.

டிப்போவில் என் பேருந்தின் ஆறு சக்கரத்துக்கும்
ஆள் உண்டு, பட்டியல் உண்டு, கையெழுத்து உண்டு.
இந்த இரண்டுக்கு
நான்தான்.

ஞாயிறு மாலை
வாளி, பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி.
சக்கரத்தை விரல்விரலாக உருட்டி
நுரை பூசிக் காத்திருந்தேன்.
பள்ளத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு மினுங்கியது.
அகப்பட்டாயா என்று
ஊசியால் நெம்பி எடுத்தேன்.
அதன் கீழே ரப்பர் முழுசாக இருந்தது,
என் சந்தேகத்தைச் சட்டைசெய்யாமல்.
இன்னொரு சுற்று. ஒன்றுமில்லை.
கூட்டுகிற ஷஹீன் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு
நுரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
யார் கழுவுவது என்று கேட்காமல் கேட்டார்.

நானே கழுவுகிறேன் என்று எழுந்தபோதுதான்
முழங்கை இடித்து வால்வு சாய்ந்தது.
அதன் அடியில் ஒரு குமிழ்.
கடுகளவு.
மிளகளவு.
உடைந்து, அடுத்தது.
விரலை எடுத்தேன், நின்றது.
சாய்த்தேன், வந்தது.
நிற்கும்போது வாயை இறுக மூடிக்கொண்டு
ஓடும்போது மட்டும்
சுழல்கிற வேகம் இழுக்க இழுக்கத்
திறக்கிற விரிசல்.
நான் காய்ச்சலில் கிடந்தால்
அதுவும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

புது வால்வு, சுங்கை காடுட் கடையில், மூன்று வெள்ளி.
மாட்டித்தர இருபத்தைந்து என்றான்.
மூன்றை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய் எனக்கு ஓய்வுநாள்.
சக்கரத்தைக் கழற்றித் தரையில் கிடத்தி
டயரின் விளிம்பில் ஏறி நின்றேன்.
என் ஐம்பத்தெட்டு கிலோவை
அது மதிக்கவே இல்லை.
சந்தையிலிருந்து வந்த ரோஸித்தாவை அழைத்து
அரிசிப்பையைக் கீழே வைக்காதே, அப்படியே ஏறு என்றேன்.
தோளைத் தோள் பிடித்து
இரண்டு பெண்களும் பத்துக் கிலோ புழுங்கலரிசியும்
ஒரு வட்டத்தின் மேல் ஆடினோம்.
டொக்.
விளிம்பு இறங்கியது.
ரோஸித்தா இறங்க மறுத்தாள்,
சிரித்து முடிக்கும்வரை.

பழைய வால்வை அறுத்தேன்.
புதியதற்குச் சோப்புத் தடவிக்
குறடால் பிடித்து இழுத்தேன்,
வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.
ஆனால் என் கைப்பம்பின் காற்றுக்கு
டயர் விளிம்பில் ஏறவில்லை,
பக்கவாட்டில் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது.

ஆகவே சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு
மூன்று நிறுத்தம் பேருந்தில் போனேன்.
ஓட்டியவர் லியோங், எங்கள் டிப்போ.
கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்:
அதற்கும் ஒரு கார்டு தட்டு.

பெட்ரோல் நிலையத்தில் குழாயைச் செருகியதும்
டயர் விம்மி, முறைத்து,
டப். மறுபக்கம் டப்.
இருபத்தொன்பதில் இயந்திரம் கூவியது.
வால்வை இப்படிச் சாய்த்தேன், அப்படிச் சாய்த்தேன்,
எச்சில் தொட்டு வைத்தேன்.
எச்சில் எச்சிலாகவே இருந்தது.

திரும்பும்போது உருட்டிக்கொண்டு நடந்தேன்.
பின்னால் ஒரு சைக்கிள்காரன் மணியடித்தான்.
ஒதுங்கி நின்றோம்,
நானும் அதுவும்.

அட்டையில் ஆறு நாளாக ஒரே எண்.
ஏழாம் நாள் எழுதவில்லை.
இன்று மூன்று ஐம்பதுக்கு, தூறலில்,
தலைக்கவசம் மாட்டிச் சாவியும் போட்டபிறகு
குனிந்து ஒருமுறை டயரை அழுத்திப் பார்த்தேன்.
கட்டைவிரல் மட்டும்
இன்னும் நம்பவில்லை.